கடைசி லயத்துப் பெட்டி

"இடி இடிச்சா மொதல்ல பொட்டியக் கழட்டு. துணிய அப்புறம் எடுத்துக்கலாம்."

சித்தி வீட்டில் இது எழுதாத சட்டம். கொஸ்லந்தையிலிருந்து மீரியபெத்தைக்கு ஏறும் வழியில் அவர் லயம். ஐப்பசி பிறந்துவிட்டால் பகல் இரண்டு மணிக்கே மலைக்குப் பின்னால் உறும ஆரம்பித்துவிடும். சித்தி கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஓடி வருவார். வந்ததும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். அப்புறம் பெட்டியின் முதுகிலிருந்து டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றி, ஜன்னல் ஆணியில் மாட்டுவார். எத்தனையோ தடவை கழற்றி மாட்டியதில் கேபிளின் நடுக் கம்பி வளைந்து, நுனி பச்சை பூத்துப் போயிருக்கும். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத்தான் மறுபடி செருகுவார். மின்னலுக்குப் பயந்து வந்த பழக்கம் அது. கூரைக்கு மேல் நிற்கும் இரும்புத் தட்டிலிருந்து வீட்டுக்குள் கம்பி இறங்குகிறது என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

அது பதிவு செய்யும் பெட்டி. பென்டிரைவைச் செருகி நாடகத்துக்கு நேரம் குறித்துவிட்டால் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். வாரம் முழுக்க மலையில் நிற்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பார்த்து முடிக்கிற வசதி. ஒரு நாள் இரவு படம் நின்று, நீலத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்தது. புதிய மென்பொருள் வருகிறது, மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்பதுதான் விஷயம். கீழே ஒரு பட்டை மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. பாதி தாண்டியபோது தோட்டம் முழுக்கக் கரண்டு போனது. வந்தபோது பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது வேறொன்று. அதே லயத்தில் இரண்டு காம்பரா, அதாவது இரண்டு அறை, தள்ளி இருந்த வீட்டிலும் அதே பெட்டி, அதே கடையில் வாங்கியது. அந்த வீட்டுக்கு அன்று நீலத் திரையே வரவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது, நல்லபடியாகவும் முடிந்தது. லயத்தில் இதற்குச் செய்வினை வரைக்கும் விளக்கம் சொன்னார்கள். உண்மையான விளக்கம் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணில் இருக்கிறது.

செய்மதியில் வரும் தொலைக்காட்சி ஒருவழிப் பேச்சு. மேலே இருப்பது பேசும், கீழே இருக்கும் பெட்டி கேட்கும். பெட்டிக்கு வாய் கிடையாது. கைத்தொலைபேசி தன் அப்டேட்டைக் கேட்டு வாங்குகிறது; விட்டுப்போன துண்டை "இன்னொரு தடவை அனுப்பு" என்று சொல்லவும் அதற்கு முடியும். டிஷ் பெட்டிக்கு அது முடியாது. அதனால் பொறியாளர்கள் குடை ராட்டினத்தைப் போன்ற ஒரு வழியைப் பிடித்தார்கள். மென்பொருளை நான்கு கிலோபைட் அளவுள்ள துண்டுகளாக நறுக்கி எண் போட்டு, படத்தோடும் பாட்டோடும் கலந்து ஓயாமல் சுற்ற விடுகிறார்கள். எட்டு மெகாபைட் மென்பொருள் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,000 துண்டுகள். நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 நிமிடம். பெட்டி எந்தத் துண்டில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். 731ஆம் துண்டு தவறிவிட்டால் அடுத்த சுற்றில் அது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எல்லாத் துண்டும் சேர்ந்த பிறகு கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கும். தயாரிப்பாளரின் மின்னணுக் கையெழுத்து பொருந்துகிறதா என்று பார்க்கும். அதன் பின்புதான் எழுதத் தொடங்கும்.

ராட்டினம் சுற்றும்போது கூடவே ஒரு அறிவிப்புப் பட்டியலும் வரும். ஐரோப்பிய டிவிபி தரத்தில் இதற்கென்றே ஒரு அட்டவணை உண்டு. இந்த அப்டேட் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு, எந்த வரிசை எண்களுக்கு என்று அதில் குறிக்கலாம். பெட்டி அதைப் படித்து, தன் எண் இருந்தால் ஏறிக்கொள்ளும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். சிக்னல் எல்லார் கூரையிலும் ஒன்றாகத்தான் விழுகிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரிதான்: குரல் எல்லார் காதிலும் விழும், பேர் உள்ளவர் மட்டும் முன்னே வருவார். சித்தியின் பெட்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் அன்றைய பட்டியலில் இருந்தது, பக்கத்து வீட்டுப் பெட்டியினுடையது இல்லை. செய்வினை அவ்வளவுதான்.

ஏன் கடைசி இலக்கம்? முதல் இலக்கங்களை எடுத்தால் ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதம் செய்த பெட்டிகள் மொத்தமாக மாட்டும். கடைசி இலக்கங்களோ ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் சிதறிக் கிடக்கும். 00 என்று முடியும் பெட்டிகளுக்கு மட்டும் அனுப்பினால் அது நூற்றில் ஒரு பங்கு. ஒரு வாரம் பார்த்துவிட்டு 00 முதல் 04 வரை, பிறகு 19 வரை, அதற்கப்புறம் எல்லாருக்கும். தவணை தவணையாக அனுப்புகிற இந்த முறைதான் இன்று கைத்தொலைபேசி முதல் கார் வரை எல்லா இடத்திலும் வழக்கம்.

வீட்டுப் பதிவுப் பெட்டிகளில் இதை முன்னோடியாகச் செய்தது அமெரிக்காவின் டிவோ. 1999இல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டி தொலைபேசிக் கம்பி வழியாகத் தானே டயல் செய்து நிகழ்ச்சி அட்டவணையையும் மென்பொருளையும் இறக்கிக்கொள்ளும். வீட்டார் தூங்குகிற இரவு இரண்டு மணிக்கு மறுதொடக்கம் செய்து புதியதற்கு மாறும். அதன் வன்தட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. இயங்குதளத்துக்கு இரண்டு இடம். ஒன்றில் இப்போது ஓடும் பதிப்பு, மற்றதில் வரப்போகும் பதிப்பு. லயத்தில் இரண்டு காம்பரா உள்ள குடும்பம் ஒன்றில் புழங்கிக்கொண்டே மற்றதற்கு வெள்ளையடிக்கிற மாதிரி. வெள்ளையடிப்பு பாதியில் நின்றாலும் படுக்க இடம் இருக்கும். சித்தியின் மலிவுப் பெட்டிக்கு ஒரு காம்பராதான். பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதியது. நடுவில் கரண்டு போனபோது அதனிடம் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நினைவகச் சில்லில் இன்னொரு எட்டு மெகாபைட் வைத்திருந்தால் போதும். அந்தச் சில்லறைக் காசு பெட்டிக்குப் பெட்டி மிச்சம் என்று யாரோ ஒரு கணக்குப்பிள்ளை எங்கோ எழுதியிருப்பார்.

டிவோவில் இன்னொன்றும் இருந்தது. புதிய பதிப்பு முதலில் வேண்டும் என்று விரும்புபவர்கள் தங்கள் பெட்டி எண்ணைப் பதிந்து வைக்கலாம். ஆசைப்படுகிறவருக்கு முதலில் கொடுப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஆசைப்பட்டுப் பதிகிறவர் யார்? நல்ல கம்பி, நல்ல மின்சாரம், நோண்டிப் பார்க்கும் பழக்கம் எல்லாம் உள்ளவர். அவர் வீட்டில் அது ஓடிவிட்டது என்பதால் மற்ற வீட்டிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. இந்த இடத்துக்கு மறுபடி வருகிறேன்.

ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பினால் என்ன கெட்டுவிடும் என்பதற்குச் சித்தியின் ஊவா மாகாணத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பிச் செடிகளின் இலையடியில் மஞ்சள்-ஆரஞ்சுப் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். கோப்பித் துரு என்ற பூஞ்சை அது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பி முடிந்தது, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. மலை மலையாக ஒரே இனம், ஒரே பலவீனம், இடையில் தடுக்க வேறு செடி இல்லை. ஒரு செடியை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாச் செடியையும் வீழ்த்தத் தெரிந்திருந்தது. ஒரே மென்பொருள் ஓடும் பத்து லட்சம் பெட்டிகளும் அப்படித்தான். தனித்தனியாகப் பழுதாவது வேறு, ஒரே நிமிடத்தில் ஒரே காரணத்துக்காக எல்லாம் படுத்துக்கொள்வது வேறு.

2024 ஜூலை 19 அன்று உலகம் அதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இலங்கை நேரப்படி காலை 9.39க்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் தவறு தெரிந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைகள் தடுமாறின. அந்த நிறுவனத்திடம் தவணை முறை இல்லாமல் இல்லை. மென்பொருளுக்கு அது இருந்தது. இது மென்பொருள் இல்லை, வெறும் தகவல் கோப்பு என்று அதை மட்டும் தவணையில்லாமல் எல்லாருக்கும் ஒரே மூச்சில் விட்டார்கள். இந்த "வெறும்" என்ற சொல்லைப் பொறியியலில் எங்கே கேட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தேயிலைக்காரர்கள் கோப்பியிடம் பாடம் படித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல செடியிலிருந்து ஓரிலைத் துண்டு வெட்டி வளர்க்கும் தேயிலையில் ஒரு ரகத்தின் எல்லாச் செடியும் ஒரே அச்சு. ஆகவே தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு புது ரகத்தைக் கண்டதும் தோட்டங்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. வெவ்வேறு உயரங்களிலும் மழைகளிலும் நட்டுப் பார்க்கிறது. ஊவாவின் வறண்ட காற்றுக்கென்று பசறையில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் தோட்டத்துத் தவறணைக்கு வரும். (யாழ்ப்பாணத்தாருக்குத் தவறணை என்றால் கள்ளுக்கடை. மலையகத்தில் அது கன்று வளர்க்கும் இடம். இரண்டு இடத்திலும் அவசரப்பட்டால் கெடுதிதான்.) தலவாக்கலை ஈரத்தில் செழிக்கும் ரகம் பசறை வெயிலில் கருகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். மென்பொருள்காரர்கள் இந்தப் பசறையைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மறப்பதற்கு எண்ணிக்கையின் மயக்கம் ஒரு காரணம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பெட்டிகளுக்கு எத்தனை சோறு வேண்டும்? 300 பெட்டிக்கு அனுப்பினோம், ஒன்றுகூடக் கெடவில்லை. உடனே நிம்மதி. ஆனால் நூற்றில் ஒன்றைக் கெடுக்கும் குறை ஒன்று உண்மையிலேயே உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி தப்பிக்க வாய்ப்பு 0.99. முந்நூறும் தப்பிக்க வாய்ப்பு 0.99ஐ முந்நூறு முறை பெருக்கியது, கிட்டத்தட்ட 0.05. இருபது முறை இப்படிச் சோதித்தால் ஒரு முறை அந்தக் குறை கண்ணில் படாமலே நழுவும். புள்ளியியலில் இதை மூன்றின் விதி என்பார்கள். எத்தனை பெட்டியில் பழுதே வரவில்லையோ அந்த எண்ணால் மூன்றை வகுத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உச்சப் பழுது விகிதம் கிடைக்கும். 300க்கு 1 சதவீதம். 3,000க்கு 0.1 சதவீதம். பத்து லட்சம் பெட்டியில் 0.1 சதவீதம் என்பது 1,000 வீடு. முதல் தவணை சுத்தமாக முடிந்தாலும் அடுத்த தவணைக்கு அவசரப்படக் கூடாது என்பதற்கு இந்த எளிய கணக்கே போதும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: எடுத்த சோறும் எடுக்காத சோறும் ஒரே உலையில் வெந்தவை. கொழும்பு அடுக்குமாடியில் இருக்கும் பெட்டியும் மீரியபெத்தை லயத்தில் இருக்கும் பெட்டியும் ஒரே உலையா?

மழையை மட்டும் பாருங்கள். டிஷ்ஷுக்கு வரும் அலை சுமார் 12 கிகாஹெர்ட்ஸ், அதன் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர்தான் என்றாலும் அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் அது போதும். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை, கிலோமீட்டருக்கு இரண்டு டெசிபெல்லுக்குச் சற்று மேலாக விழுங்கும். நம் பக்கத்தில் மழைத் திரை நாலைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மொத்தத்தில் பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு சிக்னல்தான் தட்டில் விழும். எண்முறைத் தொலைக்காட்சி கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. கட்டம் கட்டமாக உடையும், உறையும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும். ராட்டினத்தின் துண்டுகளும் அதோடு போகும். கொழும்பில் ஒரு சுற்றில் முடிகிற வேலைக்கு இங்கே பத்துச் சுற்று ஆகலாம். அந்தப் பத்துச் சுற்றுக்குள் கரண்டு போக எத்தனை சந்தர்ப்பம்! துண்டு தவறும்போது மட்டும் ஓடும் நிரல் வரியில் ஒரு பிழை இருந்தால், தவறாத ஊரில் எத்தனை லட்சம் பெட்டியில் சோதித்தாலும் அது வெளியே வராது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம் நேரத்தை எண்ணும் 32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 இதனால்தான் அத்தனை நாள் அணைக்காமல் ஓடினால் உறைந்துபோகும் என்று பின்னாளில் தெரியவந்தது. இப்படி ஒரு குறை பதிவுப் பெட்டியில் இருந்தால், ஐம்பது நாள் அணையாமல் ஓடும் நகரத்து வீடுகளில் எல்லாம் நாடகப் பதிவு பாழாகும். ஐப்பசியில் தினமும் பிளக்கைப் பிடுங்கும் சித்தி வீட்டில் மட்டும் அது எட்டிப் பார்க்காது. சோதனையில் இப்படிப்பட்ட வீடுகளை மட்டும் எடுத்திருந்தால் "குறையே இல்லை" என்று எழுதியிருப்பார்கள். ஒரு வாரம் காத்திருப்பதும் போதாது, யார் வீட்டில் காத்திருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

இனி மலையகத்துக்கே உரிய சிக்கல். தமிழ் அலைவரிசைகளுக்காக இந்தியப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருக்கும் வீடுகள் லயங்களில் பல காலமாக உண்டு. செய்மதி தன் அலையைப் பாக்கு நீரிணையில் வெட்டி நிறுத்துவதில்லை. சந்தா தமிழ்நாட்டு முகவரி ஒன்றில் ஓடும், டவுன் கடையில் காசு கட்டினால் நீளும். நிறுவனத்தின் பேரேட்டில் அந்தப் பெட்டி திருச்சியில் இருக்கிறது. "முதல் தவணை திருச்சி மாவட்டம்" என்று ஒருவர் சென்னையில் முடிவெடுத்தால் அது ஊவா மலையிலும் இறங்கும். கெட்டுப்போனால் அதைச் சொல்ல ஒருவருக்கும் வழி கிடையாது.

பேரேட்டுக்கு வெளியே இருப்பதன் விலை முன்பே தெரிந்ததுதான். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செய்மதியின் மின்வழங்கலில் பழுது வந்து பாதி டிரான்ஸ்பான்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அதில் இருந்த சன் டைரக்ட் டிஷ் நிறுவனம், மீசாட்-3 என்ற வேறு செய்மதிக்கு மாறியது. தமிழ்நாட்டில் ஆள் வந்து தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேரேட்டில் இல்லாத கூரைக்கு யார் ஏறுவது?

வாய் இல்லாத பெட்டி கெட்டது அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? வாடிக்கையாளர் சேவைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எண்ணித்தான். தவணைக்குப் பின் அழைப்புகள் கூடினால் ராட்டினத்தை நிறுத்துவார்கள், கூடாவிட்டால் அடுத்த தவணை. அழைக்காத வீடு நல்ல வீடு என்று எழுதப்படும். சித்தி அழைக்கவில்லை. பகலில் மலையில் போன் எடுபடாது, மாலையில் அழைத்தால் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கக் காசு போகும். அவர் கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுத்தார். கடைக்காரர், "இது செத்துப் போச்சு அக்கா, புதுசு போட்டுக்குங்க" என்றார். எந்த வரைபடத்திலும் அந்தப் புள்ளி ஏறவில்லை.

அனுப்பியதைச் சேர்ந்ததாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் மென்பொருளுக்கு மட்டும் உரியதல்ல. 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. காகிதம் புறப்பட்டது. சனம் லயத்திலேயேதான் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் மண்ணில் போன உயிர்களையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒருவழிச் செய்தி என்றால் என்ன என்பதை அந்த ஊரைவிடக் கூர்மையாகச் சொல்ல எனக்கு வேறு இடம் தெரியாது, அவ்வளவுதான். மழைக்கு இப்போது அந்த நிறுவனம் வைத்திருக்கும் எச்சரிக்கையும் படிப்படியானதே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100இல் அடுத்த நிலை, 150இல் வெளியேறு. சித்தி வீட்டில் அந்தச் செய்தி வரக்கூடிய பெரிய திரை தொலைக்காட்சிதான். அப்படிக் கொட்டும் மழையில் முதலில் போவதும் அதுதான்.

தவணை முறையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது வேறு விதமாகக் கேட்கிறார்கள். மொத்தத்தில் ஒரு சதவீதம் என்று எடுப்பதற்குப் பதிலாக, பலவீனமான சிக்னல், பழைய மாடல், அடிக்கடி அணையும் மின்சாரம், நிரம்பிய வன்தட்டு என்று ஒவ்வொரு வகையிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறார்கள். இணையம் இணைந்த பெட்டிகள் திரும்பிப் பேசும்: இறக்கினேன், எழுதினேன், எழுந்துவிட்டேன். மூன்றாவது சொல் வராவிட்டால் அனுப்புபவருக்குத் தெரிந்துவிடும். இணையமில்லாத பெட்டியும் தனக்குத்தானே பேசிக்கொள்ளலாம். புதிய பதிப்பில் மூன்று முறை எழ முயன்று முடியாவிட்டால் பழைய காம்பராவுக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு அந்தப் பழைய காம்பரா இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

சித்தி புதுப் பெட்டி வாங்கிவிட்டார். இரண்டு காம்பராப் பெட்டி என்று தேடிப் பார்த்து நான்தான் சொன்னேன். போன ஐப்பசியில் போயிருந்தபோது அமைப்புப் பக்கத்தைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தேன். வாங்கிய நாளில் இருந்த அதே எண். புதிய பதிப்பு வந்து மாதங்கள் ஆகின்றன, ராட்டினமும் இரவெல்லாம் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. "ராத்திரி ஒரு நாளைக்குச் செருகி வச்சா அதுவா ஏத்திக்கும் சித்தி" என்றேன். வெளியே ஒருமுறை உறுமியது. அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளைத் திருகிக் கழற்றி ஆணியில் மாட்டினார்.